பாய்ஃப்ரெண்ட் மெட்டீரியல்: லூக்கை விட ஆலிவர்தான் அதிகம் உடைந்தவனா? (முடிவு வரை பேசுகிறோம்)

தாழைமடல்

இந்த நாவலைப் பற்றி இங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில வரிகள் வந்திருக்கின்றன, "ஜாலியான கதை, சிரிப்பு வரும்" என்கிற அளவில். அதற்கு மேல் பேச இதில் நிறைய இருக்கிறது. முடிவையும் சொல்லித்தான் பேசுவேன், கதை தெரிந்துவிட்டால் படிக்கப் பிடிக்காது என்பவர்கள் இப்போதே நகர்ந்துவிடுங்கள்.

அலெக்ஸிஸ் ஹால் எழுதியது, 2020-இல் வந்தது, லண்டனில் நடக்கிறது. லூக் ஓ'டானலின் அப்பா ஜான் ஃபிளெமிங் ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த ராக் பாடகர். பையனுக்கு 3 வயதாகும்போதே குடும்பத்தை விட்டுப் போனவர். அப்பாவின் பெயரால் பையனும் பத்திரிகைகளுக்குத் தீனி. அது போதாதென்று, உயிராய் நேசித்த மைல்ஸ் இவனுடைய அந்தரங்கத்தையெல்லாம் பத்திரிகைக்குப் பணத்துக்கு விற்றுவிடுகிறான். அன்றிலிருந்து லூக் யாரையும் நம்புவதில்லை. சாண வண்டுகளைக் காப்பாற்றும் ஒரு சின்ன அறக்கட்டளையில் நன்கொடை திரட்டுவது அவன் வேலை. ஒரு விருந்திலிருந்து முயல் காதுகளோடு வெளியே வந்தவன் தடுக்கி விழ, அந்தப் படம் வெளியாக, நன்கொடை கொடுப்பவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். வேலையைக் காப்பாற்றிக்கொள்ள அவனுக்கு உடனடியாக ஒரு 'கௌரவமான' காதலன் தேவை. தோழி பிரிட்ஜெட் கைகாட்டுவது ஆலிவர் பிளாக்வுட்டை. குற்றவியல் வழக்கறிஞன், சைவம், எல்லாவற்றிலும் ஒழுங்கு. ஆலிவருக்கும் பெற்றோரின் 40-ஆவது திருமண நாளுக்கு அழைத்துப்போக ஒருவன் வேண்டும். சரி, நடிப்போம் என்று இருவரும் முடிவு செய்கிறார்கள்.

தன்பாலீர்ப்பு நாவல் என்றாலே வீட்டில் எப்போது சொல்வான், சொன்னால் என்ன நடக்கும் என்பதுதான் கதை என்று நாம் பழகிப்போயிருக்கிறோம். இங்கே இருவரும் எப்போதோ சொல்லிவிட்டார்கள். ஊருக்கே தெரியும், சட்டமும் அவர்கள் பக்கம். அப்படியிருந்தும் இருவருக்கும் தங்களைப் பிடிக்கவில்லை. நாவல் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

நன்கொடையாளர்கள் ஏன் விலகினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். லூக் யார் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். அடக்க ஒடுக்கமாக, கண்ணை உறுத்தாமல் இருக்கிற தன்பாலீர்ப்பாளனாக அவன் இல்லை, அதுதான் அவர்களுக்குப் பிரச்சினை. ஆக, அவனிடம் கேட்கப்படுவது ஒரு வேஷம். அதே வேஷத்தை ஆலிவர் வாழ்நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கிறான். அந்த உடம்பு, அந்தச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு, யாரிடமும் ஒரு சொல் கூடக் குறையாத மரியாதை, எல்லாமே யாரோ ஒருவர் "நல்ல பிள்ளை" என்று சொல்ல வேண்டும் என்பதற்காக.

எல்லோரும் லூக் உடைந்தவன், ஆலிவர் அவனைத் தூக்கி நிறுத்துகிறவன் என்று படிக்கிறார்கள். எனக்கு ஆலிவர்தான் அதிகம் உடைந்தவனாகத் தெரிகிறான். தான் உடைந்திருப்பது லூக்குக்குத் தெரியும். ஆலிவருக்கு அதுவும் தெரியவில்லை.

உங்களுக்கு எப்படித் தோன்றியது?

கருவேலன்

தாழை, இவ்வளவு கனத்தை இந்தக் கதை தாங்குமா? நடிக்கப் போய் நிஜமாகவே காதலில் விழுவது காதல் நாவல்களில் அரைத்த மாவு. லூக்கின் நண்பர்களாக ஒரே பெயருள்ள இரண்டு கணவர்கள், வாயில் வைக்க முடியாத கறி சமைக்கிற லூக்கின் அம்மா, அலுவலகத்தில் உலகமே தெரியாத ஒரு பணக்காரப் பையன். சிரிக்கத்தான் எழுதியிருக்கிறார்கள், நானும் சிரித்தேன்.

எனக்கு இரண்டு குறைகள். முதல் பாதி முழுக்க லூக் வாயைத் திறந்தாலே தன்னை மட்டம்தட்டிக்கொள்கிறான். கதை அவன் வாயாலேயே சொல்லப்படுவதால் நமக்கு ஓய்வே இல்லை, ஒரு கட்டத்தில் அலுத்துப்போகிறது. இரண்டாவது, கடைசியில் ஆலிவர் விலகிப் போவது. அப்பாவை எதிர்த்துப் பேசி முடித்து, இனி எல்லாம் சரியாகிவிடும் என்கிற இடத்தில், லூக்கை விட்டுப் போகிறான். காதல் நாவல் என்றால் முடிவுக்கு முன்னால் ஒரு பிரிவு வந்தாக வேண்டும் என்ற விதிக்காகச் சேர்த்ததாகவே எனக்குப் பட்டது.

நீலமலை

கருவேலன் அண்ணா, முதல் குறைக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

லூக் தன்னை மட்டம்தட்டுவது சுயபச்சாதாபம் என்று நான் படிக்கவில்லை. அடுத்தவன் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிட்டால் வலி குறையும் என்கிற கணக்கு அது. நானும் தன்பாலீர்ப்பாளன்தான், இங்கே பழையவர்களுக்குத் தெரியும். நம்பிச் சொன்ன ஒரு நண்பன் அதை அலுவலகத்தில் நாலு பேரிடம் சொல்லிவிட்டான். விரோதத்தில் இல்லை, சும்மா பேச்சுவாக்கில். அதற்கப்புறம் யாராவது என்னிடம் அன்பாக இருந்தால் "இவனுக்கு என்ன வேண்டும்?" என்பதுதான் முதலில் வரும். மைல்ஸ் செய்தது அதைவிடப் பல மடங்கு. காசுக்கு, ஊரே படிக்கும்படி. அந்த மாதிரி ஒன்று நடந்தவன் இன்னொருவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதே பெரிய விஷயம்.

எனக்குப் பிடித்த இடம், லூக் தன் வீட்டைச் சுத்தம் செய்கிற பகுதி. அந்த வீடு அவ்வளவு மோசமாகக் கிடக்கிறது. ஆலிவர் வந்து பார்த்துவிடுவானே என்று பயம். கடைசியில் நண்பர்களைக் கூப்பிடுகிறான். எல்லோரும் வந்து கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். எத்தனையோ காதல் காட்சிகள் இருந்தும் எனக்கு இதுதான் நம்பிக்கை பற்றிய காட்சி. உடம்பைக் காட்டுவது அவனுக்குப் பெரிய விஷயமே இல்லை. குப்பையைக் காட்டுவதுதான் கஷ்டம். ஆலிவரிடம் காட்டுவதற்கு முன்னால் அதை நண்பர்களிடம் காட்டிப் பழகிக்கொள்கிறான்.

வடலி

நான் லண்டனில் இருக்கிறேன். இங்கத்தைய பின்புலம் கொஞ்சம் சொன்னால் கதை இன்னும் நன்றாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் பத்திரிகைகள். பிரபலங்களின் பிள்ளைகளைத் துரத்துவதும், பழைய காதலர்களிடம் காசு கொடுத்துக் கதை வாங்குவதும் இங்கே நெடுங்காலமாக ஒரு தொழில். 1843-இல் தொடங்கிய 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' பத்திரிகை 2011 ஜூலையில் மூடப்பட்டது, தொலைபேசிகளில் வரும் குரல் செய்திகளைத் திருட்டுத்தனமாகக் கேட்ட விவகாரத்தில். கொலை செய்யப்பட்ட ஒரு பள்ளிச் சிறுமியின் தொலைபேசியைக் கூட விட்டுவைக்கவில்லை என்று தெரிந்தபோது நாடே கொதித்தது. பிறகு நீதிபதி லெவசன் தலைமையில் விசாரணை நடந்தது. லூக்கின் பயம் கற்பனைப் பயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது, தாழைமடல் "சட்டமும் அவர்கள் பக்கம்" என்று எழுதியிருக்கிறார். இப்போது சரி. அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அப்படி இல்லை. 1988-இல் தாட்சர் அரசாங்கம் 28-ஆம் பிரிவு என்று ஒன்று கொண்டுவந்தது. உள்ளூராட்சிகள் தன்பாலீர்ப்பை 'ஊக்குவிக்க'க் கூடாது, அதை ஒரு குடும்ப உறவாகப் பள்ளிக்கூடங்களில் சொல்லித்தரக் கூடாது என்று. ஸ்கொட்லாந்தில் 2000-இல் போனது, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 வரை இருந்தது. லூக்கும் ஆலிவரும் கதையில் இருபதுகளின் கடைசியில் இருக்கிற பெடியன்கள் என்று வைத்தால், அவர்களுடைய ஆரம்பப் பள்ளிக் காலம் முழுக்க இந்தச் சட்டத்துக்குக் கீழேதான் போயிருக்கும். நானும் அந்தக் காலத்தில் இங்கே படித்தவள். ஒரு பெடியனைப் பிடித்து மற்றப் பெடியன்கள் பகிடி பண்ணினால் ஆசிரியர் காதில் விழாத மாதிரி போவார். சிலர் விரும்பித்தான் பேசாமல் இருந்தார்கள், சிலர் வேலை போய்விடும் என்று பயந்தார்கள். பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தன்னைப் பற்றிக் கதைப்பதே குற்றம் என்று மட்டும் விளங்கும்.

ஆலிவர் இவ்வளவு கவனமாக வளர்ந்ததற்குப் பெற்றோர் மட்டும் காரணம் இல்லை என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

கோதைநாயகி

அந்தத் திருமண நாள் விருந்தைப் பற்றி யாரும் இன்னும் விரிவாகப் பேசவில்லையே.

ஆலிவரின் அப்பா டேவிட், அம்மா மிரியம். இருவரும் கத்துவதில்லை, வீட்டை விட்டுத் துரத்தவில்லை, மகனின் காதலனை வாசலில் நிறுத்தவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் மகனை ஏற்றுக்கொண்ட பெற்றோர். ஆனால் அன்று முழுவதும் சின்னச் சின்னதாகக் குத்திக்கொண்டே இருக்கிறார்கள். போட்டிருக்கும் உடையில் ஒரு குறை, பார்க்கும் தொழிலில் ஒரு குறை, அண்ணன் தம்பியை ஒப்பிட்டு ஒரு குறை. ஆலிவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டு, தப்பு தன்மேல்தான் என்பதுபோல நிற்கிறான். பொறுக்க முடியாமல் வாயைத் திறப்பவன் லூக். அதற்குப் பிறகுதான் ஆலிவரும் அப்பாவைப் பார்த்துச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வெளியே வருகிறான்.

எனக்கு 60 வயது தாண்டிவிட்டது. என் மகனும் தன்பாலீர்ப்பாளன். அடுத்தவர் வீட்டு விசேஷத்தில் விருந்தாளி எழுந்து பேசுவது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. இருந்தாலும் அந்த அம்மா பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் நான் எங்கோ கேட்டிருக்கிறேன். "உன் நல்லதுக்குத்தானே சொல்கிறோம்" என்கிற ரகம். எங்கள் உறவில் சிலர் என் மகனைப் பற்றிப் பெருமையாகவே சொல்வார்கள்: "நல்ல வேலை, நல்ல குணம், பார்த்தால் தெரியவே தெரியாது." அந்தக் கடைசி வார்த்தையைப் பாராட்டு என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். பிள்ளை சிரித்துக்கொண்டே நன்றி சொல்வான். தாழைமடல் சொல்கிற வேஷம் அதுதானே. பார்த்தால் தெரியாமல் இருக்கிறவரைக்கும் எல்லோருக்கும் செல்லப் பிள்ளை.

லூக்கின் அம்மா ஓடீலை கருவேலன் தம்பி வேடிக்கைப் பாத்திரமாக ஒதுக்கிவிட்டார். அவர் சமைக்கும் கறி கொடுமைதான். ஆனால் வீட்டில் யார் எப்படி வந்தாலும் உட்காரச் சொல்லி, சாப்பிட வைத்து, தோழி ஜூடியோடு சேர்ந்து தொலைக்காட்சியில் ஆண்கள் பெண் வேடமிட்டுப் போட்டியிடும் நிகழ்ச்சியைப் பார்க்கிறவர் அவர். அந்த வீட்டில் யாரும் எதையும் சரியாகச் செய்வதில்லை, அதனால் யாருக்கும் பயமும் இல்லை. ஆலிவர் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டு வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தம்பி.

தாழைமடல்

கோதை அம்மா, நான் ஆரம்பத்திலேயே எழுதியிருக்க வேண்டியதை நீங்கள் எழுதிவிட்டீர்கள்.

கருவேலனின் இரண்டாவது குறைக்கு வருகிறேன். விருந்துக்குப் பிறகு ஆலிவர் பிரிந்துபோவது எனக்கு விதிக்காகச் சேர்த்ததாகத் தெரியவில்லை. அதுவரை அவனைத் தாங்கி நிற்க வைத்தது ஒரே ஒரு எண்ணம், "நான் சரியாக நடந்துகொண்டால் எல்லாம் சரியாகும்." அப்பாவை எதிர்த்துப் பேசிய நிமிஷத்தில் அது போய்விட்டது. நல்ல பிள்ளையாக இல்லாத தன்னை யார் வைத்துக்கொள்வார்கள் என்று அவனுக்குத் தெரியாது. முன்பு வந்த காதலர்களும் விட்டுப் போனவர்கள்தான். இவனும் போவதற்குள் நானே போய்விடுகிறேன் என்று கிளம்புகிறான். நீலமலை லூக்கைப் பற்றிச் சொன்ன அதே கணக்கு, இந்த முறை ஆலிவரிடம். இதனால்தான் அவனை அதிகம் உடைந்தவன் என்றேன்.

இன்னொரு விஷயம், அவனுடைய தொழில். இங்கிலாந்தில் நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்களுக்கு ஒரு விதி உண்டு. வரிசையில் நிற்கும் வாடகைக் கார்கள் அடுத்து வருகிற ஆளை ஏற்றிக்கொண்டுதான் ஆக வேண்டும் என்பதுபோல, தங்கள் துறையில் வருகிற வழக்கை, கையில் நேரம் இருந்தால், ஆளைப் பிடிக்கவில்லை என்பதற்காகத் தட்டிக்கழிக்க முடியாது. யாராக இருந்தாலும் அவர் பக்கம் பேச ஒருவர் வேண்டும் என்பதுதான் அதற்கு அடிப்படை. ஆலிவர் தினமும் செய்வது அந்த வேலை. ஊர் முழுக்கத் தீர்ப்பு எழுதிவிட்ட லூக்கை அவன் அப்படித் தீர்ப்பு எழுதாமல் பார்ப்பதும் அந்தப் பழக்கத்தால்தான் என்று நினைக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு அவன் பெற்றோர் வீட்டில் அவன் பக்கம் பேச ஒரு ஆள் இத்தனை வருஷமாக இல்லை. லூக் எழுந்து பேசியது சங்கடமாக இருந்தாலும், அது தேவைப்பட்டது இதற்காகத்தான்.

சிற்றோடை

நடுவில் ஒரு கேள்வி. என் தங்கைக்கு 17 வயது, நிறையப் படிப்பாள். இதைக் கொடுக்கலாமா? படுக்கையறைக் காட்சிகள் எந்த அளவுக்கு?

கருவேலன்

@சிற்றோடை, அந்த இடம் வந்ததும் பெரும்பாலும் கதவைச் சாத்திவிடுவார். கெட்ட வார்த்தைகள் மட்டும் தாராளம். தாராளமாகக் கொடுங்கள். லூக்கின் அப்பா திடீரென்று புற்றுநோய் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வருகிற பகுதி கொஞ்சம் வலிக்கும், அதை மட்டும் சொல்லிவையுங்கள். லூக் கஷ்டப்பட்டு மனதைத் திறக்கிறான். ஆபத்தில்லை என்று தெரிந்ததும் அவர் பழையபடி காணாமல் போய்விடுகிறார். எனக்கு இந்த நாவலிலேயே கூர்மையாகப் பட்டது அந்தப் பகுதிதான். நம்பாமல் இருந்த வரைக்கும் லூக் பாதுகாப்பாக இருந்தான், நம்பியதும் அடி விழுந்தது. அப்படி அடி விழுந்த பிறகும் ஆலிவரை நம்புகிறான் பாருங்கள். தாழை சொன்ன ஆலிவரைவிட எனக்கு இதுதான் கதையின் மையம். பிரிவு பற்றி நீங்கள் சொன்ன விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் அது நாவலில் இருப்பதைவிட உங்கள் பதிவில்தான் தெளிவாக இருக்கிறது. முழுக் கதையையும் லூக் சொல்வதால் ஆலிவரின் உள்ளே நம்மால் போகவே முடிவதில்லை. அந்தப் பிரிவை அவன் பக்கமிருந்து எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

முகிலன்

சந்தோஷமான முடிவு என்பதாலேயே இந்த வகை நாவல்களைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கருவேலன் அதைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

இ. எம். ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை 1913-14இல் எழுதினார். இரண்டு ஆண்களின் காதல் கதை, கடைசியில் இருவரும் சேர்ந்து வாழப் போகிறார்கள். அந்த முடிவில் அவர் மிகப் பிடிவாதமாக இருந்தார். ஒருவன் தூக்கில் தொங்கியிருந்தாலோ இருவரும் சேர்ந்து செத்திருந்தாலோ வெளியிடுவது எளிதாக இருந்திருக்கும் என்று அவரே பின்குறிப்பில் எழுதியிருக்கிறார். மகிழ்ச்சியான முடிவு வைத்தால் குற்றத்துக்குத் தண்டனை இல்லை என்று ஆகிவிடும் அல்லவா. 1967-இல் இங்கிலாந்தில் ஆண்களுக்கிடையிலான உறவு குற்றமில்லை என்று சட்டம் மாறிய பிறகும் அவர் அதை வெளியிடவில்லை. 1970-இல் இறந்தார், 1971-இல்தான் புத்தகம் வந்தது. ஒரு நல்ல முடிவு அச்சேற அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

அப்படிப்பட்ட ஊரில், இரண்டு ஆண்கள் சண்டை போட்டு, பிரிந்து, மறுபடி சேர்ந்து, காலையில் ரொட்டியை முட்டையில் தோய்த்துச் சுட்டுச் சாப்பிடுகிற ஒரு சாதாரணக் கதை விமான நிலையக் கடையில் விற்கும் ரகமாக வந்திருக்கிறது என்றால், அந்தச் சாதாரணத்தை நான் பெரிதாகவே மதிக்கிறேன். யாரும் சாகவில்லை, யாரையும் யாரும் குணப்படுத்தப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் பிரச்சினை அவரவர் மனசோடு மட்டும்.

நீலமலை

முகிலன் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். அதனால்தான் எனக்கு இரண்டாவது பாகத்தின் மேல் கோபம். 2022-இல் வந்த 'ஹஸ்பண்ட் மெட்டீரியல்'. படிக்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிவிடுங்கள்.

புத்தகம் முழுக்கக் கல்யாண ஏற்பாடு. வானவில் நிறத்தில் பலூன் தோரணம் வேண்டும் என்று லூக், வேண்டாம் என்று ஆலிவர், அதற்கு ஒரு பெரிய சண்டை. நடுவில் ஆலிவரின் அப்பா இறக்கிறார். கடைசியில் கல்யாணத்தன்றே, எல்லோரும் வந்து உட்கார்ந்த பிறகு, கல்யாணம் வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்து கிளம்பிவிடுகிறார்கள். பிரியவில்லை, சேர்ந்துதான் இருப்பார்கள், கல்யாணம் மட்டும் வேண்டாமாம்.

இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று தன்பாலீர்ப்பு உறவைக் குற்றமாக்கிய 377-ஆவது பிரிவிலிருந்து எங்களை விடுவித்தபோது, அடுத்தது கல்யாணம்தான் என்று நம்பினோம். 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தர மறுத்துவிட்டது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்று. கூட வாழ்கிறவன் ஆஸ்பத்திரியில் படுத்தால் கையெழுத்துப் போட நான் யார் என்று கேட்பார்கள். அந்த நிலைமையில் இருக்கிற ஒருவன், கையில் கிடைத்ததை மேடை வரை கொண்டுபோய் வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போகிற கதையை எப்படிப் படிப்பான்? ஆசைப்பட்டு வாங்கிய புத்தகம், முடித்ததும் மூடி வைத்துவிட்டேன்.

வடலி

நீலமலை, உங்கள் கோபம் விளங்குகிறது. இலங்கையில் அதே மாதிரியான 365-ஆவது பிரிவு இன்னும் இருக்கிறது, கல்யாணம் என்ற கதைக்கே அங்கே இடமில்லை. என்றாலும் அந்த முடிவை நான் வேறு மாதிரி வாசித்தேன்.

அந்தப் பலூன் தோரணச் சண்டையை நினைத்துப் பாருங்கள். லூக்குக்குத் தன் கூட்டம், அதன் கொண்டாட்டம் எல்லாம் வேண்டும். ஆலிவருக்கு அது தன்னுடையதாகவே தெரியவில்லை, தான் அப்படிப்பட்ட தன்பாலீர்ப்பாளன் இல்லை என்கிறான். முதல் பாகத்தில் தீராமல் விட்ட விஷயம் அதுதான். யார் கண்ணுக்காக இப்படி இருக்கிறோம்? கல்யாணமும் ஆலிவருக்கு இன்னொரு சரியான காரியம், செய்தால் நல்ல பெயர் கிடைக்கிற காரியம். இங்கே 2014 மார்ச் முதல் அந்த உரிமை இருக்கிறது. அதனால் "செய்துகொள்ளத்தானே வேண்டும்" என்கிற எதிர்பார்ப்பும் கூடவே வந்துவிட்டது. எல்லோர் முன்னாலும் எழுந்து "இது எங்களுக்கு வேண்டாம்" என்று ஆலிவர் சொல்வது, முதல் தடவையாக ஊர் மெச்சாத ஒன்றைத் தான் விரும்பிச் செய்வது. அவனுக்கு அது அப்பாவை எதிர்த்துப் பேசியதைவிடக் கஷ்டம்.

கோதைநாயகி

வடலி சொல்வது படிக்க நன்றாக இருக்கிறது. ஒரு தாயாக எனக்கு நீலமலை சொல்வதுதான் பெரிதாகப் படுகிறது. என் மகனும் அவனுடன் வாழ்கிற பையனும் வாடகைக்கு வீடு கேட்கப் போனால் "நண்பர்கள்" என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டும்.

நீலமலை

வடலி அக்கா, ஆலிவருக்கு அது சரியான முடிவு என்று நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். எழுத்தாளர் அவனுக்கு உண்மையாகத்தான் இருந்திருக்கிறார். எனக்கு லூக்கைப் பற்றித்தான் கேள்வி. தோரணம் கேட்டவன் அவன், கல்யாணம் கேட்டு முழங்காலிட்டவனும் அவன். ஆலிவர் வேண்டாம் என்றதும் தனக்கும் வேண்டாம் என்று அவன் சொல்வது தன் மனசைத் தெரிந்துகொண்டு சொல்வதா, இல்லை இவனையும் இழந்துவிடுவேனோ என்ற பயத்தில் சொல்வதா? முதல் பாகத்தில் இவ்வளவு கஷ்டப்பட்டு வந்த இடத்திலிருந்து மறுபடி பின்னால் போகிறானோ என்று எனக்குச் சந்தேகம். அந்தக் கடைசி அத்தியாயத்தை மறுபடி படித்துவிட்டு யாராவது சொல்லுங்கள்.

தாழைமடல்

இன்று இரவே எடுக்கிறேன். ஏற்பாடுகள் நடக்கும்போதே லூக்குக்கு அதில் மனசு ஒட்டவில்லை என்று காட்டுகிற சில இடங்கள் வரும் என்று நினைவு. கண்ணில் படுவதை அத்தியாயத்தோடு இங்கே எழுதுகிறேன். கருவேலன், நீங்களும் இரண்டாவது பாகத்தை எடுங்கள். ஆலிவரின் உள்ளே போக முடியவில்லை என்றீர்களே, அப்பாவின் இறுதிச் சடங்கில் அவன் எழுந்து பேசுகிற பேச்சு இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வந்து சண்டை போடுங்கள்.